மூலத்தைக் கண்டுபிடிப்பதா, கண்டுபிடிக்காமலே முடிப்பதா?

2x² − 7x + 4 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் α, β. அப்படியானால் α² + β² எவ்வளவு? இந்தக் கேள்வியை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விதமான தாள் வரும்.

முதல் ஆள் ax² + bx + c = 0 க்கான இருபடிச் சூத்திரத்தைப் போடுவார். தன்மைக்காட்டி, அதாவது b² − 4ac, 49 − 32 = 17. மூலங்கள் (7 + √17)/4, (7 − √17)/4. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தினால் (66 + 14√17)/16, (66 − 14√17)/16. கூட்டும்போது √17 உள்ள உறுப்புகள் அடிபட்டுப் போய் 132/16 மிஞ்சும். சுருக்கினால் 33/4.

இரண்டாவது ஆள் மூலங்களின் பக்கமே போகமாட்டார். மூலங்களின் கூடுதல் −b/a = 7/2, பெருக்கற்பலன் c/a = 4/2 = 2. α² + β² என்பது (α + β)² − 2αβ. ஆக 49/4 − 4 = 33/4. கணக்கு முடிந்தது.

இரண்டு விடையும் ஒன்றுதான், இரண்டுக்கும் முழு மதிப்பெண்தான். ஆனால் முதல் ஆள் √17 என்ற விருந்தாளியை வீட்டுக்குள் அழைத்து, வர்க்கப்படுத்தி, கடைசியில் வாசல்வரை போய் வழியனுப்பியிருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு "சூத்திரம் போடாதே, கூடுதலையும் பெருக்கற்பலனையும் பயன்படுத்து" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அந்த அறிவுரை பாதிதான் சரி. சில கேள்விகளில் சூத்திரம்தான் குறுக்குவழி, சிலவற்றில் இரண்டுமே சுற்றுவழி. சமன்பாட்டைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இடம் மாற்றிப் பார்ப்பது

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. கேட்ட கோவையில் α இருக்கும் இடத்தில் β, β இருக்கும் இடத்தில் α என்று மாற்றி எழுதுங்கள். கோவை மாறாமல் இருந்தால் அது சமச்சீர் கோவை. அதற்கு மூலங்கள் தேவையில்லை, கூடுதலும் பெருக்கற்பலனும் போதும். மாறிவிட்டால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதைச் சூத்திரத்திலேயே பார்க்கலாம். இரண்டு மூலங்களுக்கும் இடையே ஒரே வித்தியாசம் ± என்ற குறிதான். α, β இரண்டையும் இடம் மாற்றுவது என்றால் வர்க்கமூலத்தின் குறியை மாற்றுவது என்றுதான் பொருள். இடம் மாற்றினாலும் மாறாத ஒரு கோவையில் அந்த வர்க்கமூலம் தங்கவே முடியாது, எங்காவது அடிபட்டே தீரும். கூட்டினால் ± அடிபட்டு −b/a. பெருக்கினால் (b² − (b² − 4ac))/4a² என்று வந்து c/a. மற்ற எல்லாச் சமச்சீர்ப் பல்லுறுப்புக்கோவைகளையும் இந்த இரண்டைக் கொண்டே கட்டிவிடலாம். வர்க்கமூலம் கடைசியில் காணாமல் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், அதை உள்ளே கொண்டுவருவானேன்?

அதே 2x² − 7x + 4 = 0 சமன்பாட்டில் 1/α + 1/β கேட்டால் கூடுதலைப் பெருக்கற்பலனால் வகுத்து 7/4. α/β + β/α கேட்டால் முன்பு கண்ட 33/4 ஐ 2 ஆல் வகுத்து 33/8. α³ + β³ கேட்டால் (7/2)³ − 3 × 2 × 7/2, அதாவது 343/8 − 21 = 175/8. இவற்றில் எதையும் (7 ± √17)/4 ஐ வைத்துச் செய்துபார்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, இடம் மாற்றினால் கோவை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே சூத்திரத்துக்கு ஓட வேண்டாம். x² − 2x − 5 = 0 க்கு α² + 2β கேட்கிறார்கள். இடம் மாற்றினால் β² + 2α. வேறு கோவை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் α ஒரு மூலம் என்பதால் அது சமன்பாட்டை நிறைவு செய்தாக வேண்டும். α² = 2α + 5. இதைப் போட்டால் α² + 2β = 2α + 5 + 2β = 2 × 2 + 5 = 9. வேஷம் கலைந்துவிட்டது. இந்தப் படிக்குறைப்பு உத்தியைப் பலர் மூன்றாவது வழி என்று எண்ணுவதே இல்லை. "α ஒரு மூலம்" என்ற செய்தி கேள்வியிலேயே இலவசமாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

அப்புறம் உண்மையிலேயே சமச்சீர் இல்லாதவை. அதே சமன்பாட்டில் 2α + 3β கேட்டால், 2(α + β) + β = 4 + β என்றுவரை போகலாம். அதற்குமேல் β எது என்று தெரிந்தே ஆக வேண்டும். மூலங்கள் 1 ± √6. β எதுவென்று கேள்வி சொல்லாவிட்டால் விடையும் இரண்டு: 5 + √6, 5 − √6. இங்கே சூத்திரத்துக்கு மாற்று இல்லை. α − β, α² − β² போன்றவற்றிலும் இதே பிடிமானம். (α − β)² = (α + β)² − 4αβ என்பதால் அளவு தெரியும், குறி தெரியாது. α > β என்று கேள்வியில் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுவது அப்போதுதான். அந்தச் சொல் இல்லாமல் ஒரே ஒரு விடையை எழுதி வைப்பதைத் திருத்தும்போது அடிக்கடி பார்க்கிறேன்.

படி ஏற ஏற

அடுக்கு பெரிதாகும்போது போட்டி சூடு பிடிக்கிறது. x² − 3x + 1 = 0 எடுத்துக்கொள்வோம். கூடுதல் 3, பெருக்கற்பலன் 1. α⁷ + β⁷ எவ்வளவு?

சூத்திர வழி என்றால் (3 + √5)/2 ஐ ஏழு முறை பெருக்க வேண்டும். ஈருறுப்புத் தேற்றம் தெரிந்தவர் செய்யலாம், ஆனால் செய்ய விரும்பமாட்டார்.

முற்றொருமை வழி என்றால் α³ + β³ = 27 − 9 = 18, α² + β² = 7, α⁴ + β⁴ = 49 − 2 = 47 என்று எடுத்துவைத்துக்கொண்டு, (α³ + β³)(α⁴ + β⁴) ஐ விரித்தால் α⁷ + β⁷ + (αβ)³(α + β). ஆக 18 × 47 − 3 = 843. அழகான தாவல். ஆனால் எந்த இரண்டைப் பெருக்க வேண்டும் என்று கண் பழகியிருக்க வேண்டும்.

படிக்குறைப்பு வழியில் கண் பழக வேண்டிய அவசியமே இல்லை. α² = 3α − 1. இதை α இன் எந்த அடுக்கால் பெருக்கினாலும் உண்மைதான், β க்கும் அப்படியே. இரண்டையும் கூட்டினால், அடுத்த அடுக்கின் கூடுதல் = 3 × தற்போதையது − முந்தையது. 2, 3 என்று தொடங்கி (α⁰ + β⁰ = 2 என்பதை மறக்கக்கூடாது) 7, 18, 47, 123, 322, 843. ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகலாம். அடுக்கு 5, 6, 7 என்று இருக்கும்போது நான் இதைத்தான் எடுப்பேன். ஒரு வரியில் தவறு செய்தாலும் எந்தப் படியில் கால் வழுக்கியது என்று திரும்பிப் பார்க்க முடிகிறது. முற்றொருமையில் தவறினால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

ஆனால் அடுக்கு 20 என்றால் ஏணி சலிப்புத் தட்டும். அங்கே தாவல்தான் ஜெயிக்கும். பெருக்கற்பலன் 1 என்பதால் ஒரு கூடுதலை வர்க்கப்படுத்தி 2 ஐக் கழித்தால் அடுக்கு இரட்டிப்பாகிவிடும். ஐந்தாம் அடுக்கு 123. பத்தாம் அடுக்கு 123² − 2 = 15,127. இருபதாம் அடுக்கு 15,127² − 2 = 22,88,26,127. ஏணியில் ஐந்து படி, அப்புறம் இரண்டு தாவல்.

கையில் கணிப்பான் இருக்கிறதே, α = 2.618 என்று போட்டு அடுக்கேற்றினால் என்ன என்று கேட்கலாம். ஆறாம் அடுக்குக்கு 321.97 வரும். விடை முழு எண் என்று தெரிந்தால் 322 என்று திருத்திக்கொள்ளலாம். பாதகமில்லை. இருபதாம் அடுக்கில் அதே 2.618 ஐப் போட்டால் விடை சுமார் 59,000 தள்ளிப் போய்விடும். ஐந்தாவது தசம இடத்தில் விட்ட பொடி, இருபது பெருக்கலில் மலையாகிறது. கூடுதல் வழியில் பின்னமே நுழையாததால் பொடியும் இல்லை, மலையும் இல்லை.

புதிய சமன்பாடு அமைக்கச் சொன்னால்

இங்கே போட்டி கூடுதல்-பெருக்கற்பலனுக்கும் பிரதியிடலுக்கும். 2x² − 7x + 4 = 0 இன் மூலங்கள் α, β எனில் 2α + 1, 2β + 1 ஆகியவற்றை மூலங்களாகக் கொண்ட சமன்பாடு என்ன? பாடப்புத்தக வழியில் கூடுதல் 2 × 7/2 + 2 = 9, பெருக்கற்பலன் 4αβ + 2(α + β) + 1 = 8 + 7 + 1 = 16. ஆகவே y² − 9y + 16 = 0. பிரதியிடல் வழியில் y = 2x + 1 என்றால் x = (y − 1)/2. இதைப் பழைய சமன்பாட்டில் போட்டுச் சுருக்கினால் (y − 1)² − 7(y − 1) + 8 = 0, விரித்தால் அதே y² − 9y + 16 = 0.

உழைப்பு ஏறக்குறைய சமம். ஆனாலும் புதிய மூலம் ஒவ்வொன்றும் ஒரே பழைய மூலத்திலிருந்து வந்தால், எனக்குப் பிரதியிடல்தான் பிடிக்கும். நாளைக்கு இதே கேள்வி முப்படிச் சமன்பாட்டில் வந்தாலும் அந்த வழி ஒரு எழுத்தும் மாறாது. கூடுதல் வழியில் மூன்று மூலங்களுக்கும் மூன்று கோவைகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டியிருக்கும். 1/α, 1/β கேட்டால் பிரதியிடலுக்குக்கூட வேலை இல்லை. கெழுக்களைப் பின்னாலிருந்து எழுதினால் போதும்: 4x² − 7x + 2 = 0.

புதிய மூலத்தில் α, β இரண்டும் கலந்து வந்தால் பிரதியிடல் முடங்கிவிடும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் α + 1/β, β + 1/α என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறதே, அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். αβ ஒரு மாறிலி. ஆக 1/β என்பது α/(αβ). x² − 2x − 5 = 0 இல் αβ = −5 என்பதால் α + 1/β = α − α/5 = 4α/5. கலந்திருப்பதாகத் தெரிந்தது வெறும் அளவு மாற்றம்தான். புதிய கூடுதல் 4/5 × 2 = 8/5, புதிய பெருக்கற்பலன் 16/25 × (−5) = −16/5, சமன்பாடு 5y² − 8y − 16 = 0. இதை முதன்முதலில் கவனித்தபோது, அதற்கு முன் எத்தனை தடவை நான்கு உறுப்புகளாக விரித்து விரித்து எழுதியிருக்கிறேன் என்று எண்ணி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கூடுதல் வழி சொல்லாமல் விடுவது

இதுவரை கூடுதல் வழியைத் தோளில் தூக்கிவைத்துப் பேசினேன். அதற்கு ஒரு பெரிய குறை உண்டு, அதைப் பற்றிப் பேசாமல் ஒப்பிடுவது நியாயமாகாது.

x² − 2x + 5 = 0. கூடுதல் 2, பெருக்கற்பலன் 5. α² + β² = 4 − 10 = −6. இந்த இடத்தில் பேனா நின்றுவிடும். இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் குறை எண் எப்படி வரும்? அழித்துவிட்டு மறுபடி போட்டு, மறுபடியும் −6 வந்து, கடைசியில் 6 என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு. −6 தான் சரி. மூலங்கள் 1 ± 2i, அவை மெய்யெண்களே இல்லை. கூடுதல் வழி மூலங்கள் மெய்யா, கலப்பெண்ணா என்று கவலையே படாது. அந்தக் கவலையின்மைதான் அதன் பலம். எல்லாச் சமன்பாட்டுக்கும் ஒரே சூத்திரம். பலவீனமும் அதுவேதான்.

சூத்திரம் போட்டவர் இந்தக் குழியில் விழமாட்டார். √(4 − 20) என்று எழுதும்போதே அவருக்கு உறைத்துவிடும்.

இரண்டு மூலங்களும் மிகை எண்களா என்று கேட்டால், கூடுதல் 2, பெருக்கற்பலன் 5, இரண்டும் மிகை, ஆகவே ஆமாம் என்று எழுதுவது இதே தவறின் இன்னொரு முகம். மிகை மூலங்கள் என்று சொல்லக் கூடுதலும் பெருக்கற்பலனும் மிகையாக இருப்பதோடு தன்மைக்காட்டி குறையாக இல்லாமலும் இருக்க வேண்டும். பெருக்கற்பலன் குறை எண்ணாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அப்போது ac குறை, b² − 4ac தானாகவே மிகை, மூலங்கள் மெய், எதிரெதிர்க் குறி.

இந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று காட்டும் கேள்வி ஒன்று. x² − kx + k + 3 = 0 இன் மூலங்கள் மெய்யெண்கள். α² + β² இன் மிகச் சிறிய மதிப்பு என்ன?

கூடுதல் k, பெருக்கற்பலன் k + 3. α² + β² = k² − 2k − 6 = (k − 1)² − 7. k = 1 என்றால் மிகச் சிறியது, மதிப்பு −7. பளிச்சென்று முடிந்துவிட்ட கணக்கு, பளிச்சென்று தவறு. மெய்யெண்களின் வர்க்கங்கள் கூடி −7 ஆகாது. தன்மைக்காட்டி k² − 4k − 12 = (k − 6)(k + 2). இது குறையாக இல்லாதிருக்க k ≤ −2 அல்லது k ≥ 6. நாம் பிடித்த k = 1 இவை இரண்டுக்கும் இடையே, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கிறது. அனுமதிக்கப்பட்ட பகுதியில் 1 க்கு மிக அருகில் இருப்பது −2. அங்கே மதிப்பு 9 − 7 = 2. சரிபார்க்கலாம்: k = −2 போட்டால் x² + 2x + 1 = 0, மூலங்கள் −1, −1, வர்க்கங்களின் கூடுதல் 2. பொருந்துகிறது. ஓரம் இன்னொரு பக்கம் k = 6 இல் மதிப்பு 18.

இந்தக் கேள்வியில் சூத்திரத்தை மட்டும் நம்பினால் k உள்ள வர்க்கமூலங்களை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். கூடுதலை மட்டும் நம்பினால் −7. கோவையைக் கூடுதலால் எழுதி, எல்லையைத் தன்மைக்காட்டியால் கட்டுவதுதான் வழி. இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பது இங்கே உடைந்துவிடுகிறது.

மூலமே வேண்டும் என்றால்

மூலங்களையே கேட்டால் சூத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் காரணிப்படுத்தல் என்று நாம் செய்வது கூடுதல்-பெருக்கற்பலனைத் தலைகீழாகப் படிப்பதுதான். x² − 11x + 24 = 0: கூட்டினால் 11, பெருக்கினால் 24. 3, 8. 6x² + x − 12 = 0 என்றால் 6 × (−12) = −72, கூட்டினால் 1: 9, −8. மூலங்கள் −3/2, 4/3. எண்கள் சட்டென்று கண்ணில் பட்டால் இதைவிட வேகமான வழி கிடையாது. படாவிட்டால் இதைவிட நேரம் தின்னும் வழியும் கிடையாது. x² − 11x + 23 = 0 க்கு முழு எண்களைத் தேடிக்கொண்டே இருக்கலாம், கிடைக்காது. தன்மைக்காட்டி 29, முழு வர்க்கம் இல்லை. அரை நிமிடம் தேடியும் அகப்படவில்லையென்றால் தன்மைக்காட்டியைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, அது இவை எல்லாவற்றையும்விடப் பழையது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்திய பாபிலோனியக் களிமண் பலகைகளில் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் இவ்வளவு, பரப்பு இவ்வளவு, இரண்டையும் தனித்தனியே சொல் என்ற வகைக் கணக்குகள் இருக்கின்றன. அவர்கள் செய்தது: கூடுதலில் பாதி, அதன் வர்க்கம், அதிலிருந்து பரப்பைக் கழித்து வர்க்கமூலம், அதைப் பாதியோடு கூட்டு, பாதியிலிருந்து கழி. x² − 14x + 46 = 0 இல் பாதி 7, 49 − 46 = 3, மூலங்கள் 7 ± √3. ஊகம் இல்லை, மனப்பாடச் சூத்திரமும் இல்லை. 2019 இல் போ-ஷென் லோ என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஏறக்குறைய இதே வழியை வகுப்பறைக்கென்று முன்வைத்தபோது செய்தித்தாள்கள்வரை பேச்சாக இருந்தது. x² இன் கெழு 1 ஆகவும் நடு உறுப்பின் கெழு இரட்டைப்படையாகவும் இருக்கும்போது நான் இதைத்தான் போடுவேன். முதல் கெழு 6, நடுக்கெழு 11 என்று வந்தால் பின்னங்கள் பல்லிளிக்கும், அங்கே சூத்திரம் போதும்.

எந்த வழியில் மூலம் வந்தாலும், கூட்டியும் பெருக்கியும் சரிபார்க்கப் பத்து நொடிகூட ஆகாது. 3x² + 5x − 2 = 0 க்கு 1/3, −2 என்று வந்ததா? கூடுதல் −5/3, பெருக்கற்பலன் −2/3, சரி. கூடுதல் 5/3 என்று எதிர்பார்த்திருந்தால் −b/a இல் உள்ள கழித்தல் குறியை விழுங்கிவிட்டீர்கள். இந்த வழியில் நடக்கும் தவறுகளில் பாதி அந்தக் குறிதான், மீதி a ஆல் வகுக்க மறப்பது.

தசமத்தில் இறங்கினால்

எண்களைத் தோராயமாகக் கையாளும்போது இந்த ஒப்பீட்டுக்கு வேறொரு முகம் வருகிறது. x² − 200x + 1 = 0. சூத்திரப்படி மூலங்கள் 100 ± √9999. வர்க்கமூலத்தை இரண்டு தசம இடத்துக்கு 99.99 என்று எடுத்தால் பெரிய மூலம் 199.99. நல்ல விடை. சிறிய மூலம் 100 − 99.99 = 0.01. உண்மையான மதிப்பு 0.005. விடை இரண்டு மடங்காகிவிட்டது! கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால் நம்பகமான இலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, தோராயத்தின் கசடு மட்டும் மிஞ்சும்.

இப்போது பெருக்கற்பலனைக் கூப்பிடுங்கள். αβ = 1. சிறிய மூலம் 1/199.99 = 0.0050003. அதே 99.99 தான், அதே தோராயம்தான், ஆனால் விடை கச்சிதம்.

கணினிக்கும் இதே கதிதான். x² − 10⁸x + 1 = 0 ஐ கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் மிதவைப்புள்ளி எண்களில் நேராகச் சூத்திரம் போட்டுக் கணக்கிட்டால் சிறிய மூலம் சுமார் 7.45 × 10⁻⁹ என்று வரும். உண்மையில் அது 10⁻⁸. பதினைந்து இலக்கத் துல்லியம் உள்ள கணினி கால் பங்கு தவறுகிறது. அதனால்தான் கவனமாக எழுதப்பட்ட நிரல்களில் b இன் குறியைப் பார்த்து, கழித்தல் நேராத மூலத்தை மட்டும் சூத்திரத்தால் எடுத்து, மற்றதை c/a ஐ அதனால் வகுத்து எடுக்கிறார்கள். பாதி சூத்திரம், பாதி பெருக்கற்பலன்.

இரண்டுக்கு மேலே

மூலங்களின் கூடுதலையும் பெருக்கற்பலனையும் கெழுக்களோடு இணைக்கும் இந்தத் தொடர்பு பிரான்சுவா வியத் (1540–1603) பெயரில் வழங்குகிறது. தொழிலால் அவர் வழக்கறிஞர். மூலங்களையும் கெழுக்களையும் இணைத்து அவர் எழுதியவை அவர் இறந்த பிறகு, 1615 இல் அச்சாயின. மிகை மூலங்களை மட்டுமே அவர் ஒத்துக்கொண்டார். குறை, கலப்பெண் மூலங்களையும் சேர்த்து எந்தப் படிக்கும் பொருந்தும்படி சொன்னவர் ஆல்பர்ட் ஜிரார், 1629 இல்.

எந்தப் படிக்கும் என்பதுதான் இங்கே முக்கியம். இருபடியில் சூத்திரமும் தொடர்பும் கிட்டத்தட்டச் சம பலத்தில் மோதுகின்றன. முப்படிக்குச் சூத்திரம் உண்டு, ஆனால் அதைப் பார்த்தவர்கள் தொடப் பயப்படுவார்கள். ஐந்தாம் படிக்கு மூலக்குறிகளால் எழுதக்கூடிய பொதுச் சூத்திரமே கிடையாது என்று நார்வே கணித அறிஞர் ஆபெல் 1824 இல் நிறுவிவிட்டார். ஆனால் தொடர்பு அங்கேயும் அப்படியே நிற்கிறது.

x⁵ − 2x⁴ + 5x³ − x + 3 = 0. இதன் ஐந்து மூலங்களையும் கையால் எடுக்க நான் முயலப் போவதில்லை. ஆனால் அவற்றின் கூடுதல் 2, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 5. ஆகவே வர்க்கங்களின் கூடுதல் 4 − 10 = −6. அதே −6. முன்பு பேனாவை நிறுத்திய எண், இங்கே துப்புக் கொடுக்கிறது: ஐந்து மூலங்களும் மெய்யாக இருக்கவே முடியாது, கெழுக்கள் மெய் என்பதால் கலப்பெண் மூலங்கள் இணையாகத்தான் வரும், ஆகக் குறைந்தது இரண்டு கலப்பெண்.